என் குதிகாலும் ஜவ்வுக் கிருமியும்

நான் காலால் பிறந்தவள். தலை வருவதற்கு முன்னால் கால் வந்துவிட்டதாம். அன்றைக்கு என் அம்மா பட்ட பாட்டை யாரும் பேசவில்லை, என் காலைத்தான் பேசினார்கள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டின் பின்னால் போய்விட்டேன். ஆனாலும் வாத்தியார் ஒருவர் என் முன்னால் குப்புறப் படுத்திருக்கிறார்.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். கலெக்டர் ஆபீசில் நாற்காலியிலேயே உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள் என்று பல ரகம். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாகூட, கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். மிதித்து முடித்ததும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடு வீட்டில் யாராலும் பேச முடியவில்லை.

இதற்குக் கூலி வாங்கக் கூடாது. நான் கதை வாங்கினேன். முகம் தரையைப் பார்த்திருக்கும்போது மனுஷருக்கு வெட்கம் கம்மி. யார் வீட்டுக் கல்யாணம் ஏன் நின்றது, எந்த மாமியார் எதை ஒளித்து வைத்தாள், எல்லாம் தானாக வரும். ஊரில் பேப்பர் படிக்கத் தெரிந்தவர்களைவிட எனக்குச் சேதி ஜாஸ்தி.

அப்படிப்பட்ட எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது, அலசிய துணி பக்கெட்டைத் தூக்கும்போது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். என் காலால் என் இடுப்பை மிதிக்க முடியுமா? முயன்று பார்த்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்த மருமகள், வலி கால்வரை இறங்கியதும் டவுனில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேலூரில் எடுத்த ஸ்கேனை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார். ஏன் தேய்ந்தது என்று கேட்டேன். வயசு என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணமே கிடையாதா என்று நச்சரித்தேன். சின்ன வயசு டாக்டர், நிறையப் படிக்கிறவர். மாட்டிக்கொண்டார்.

“வெளிநாட்டுல சில பேர் ஒண்ணு சொல்றாங்கம்மா. தேய்ஞ்ச ஜவ்வை எடுத்துப் பார்த்தா, சில பேருக்கு அதுல கிருமி இருக்குதாம். வாயிலயும் தோல்லயும் எல்லாருக்கும் இருக்குற கிருமிதான். ஈறுல புண்ணு இருந்தா ரத்தத்துல கலந்து அங்க போய் உக்காந்துக்குமோன்னு ஒரு சந்தேகம். ஆபரேஷன் பண்றப்போ வெளியில இருந்து ஒட்டிக்கிச்சோன்னு இன்னொரு சந்தேகம். யாருக்கும் நிச்சயமா தெரியாது. உங்களுக்கு அப்படின்னு நான் சொல்லல.”

வலி மாத்திரை எழுதினார், உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், என் சொத்தைப் பல்லைப் பிடுங்கச் சொன்னார். கிருமியைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வரியை நான் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டுக்காரிக்கும் ஜவ்வுத் தேய்மானம் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக அவள் குழாயடியில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடையது வெறும் தேய்மானம், என்னுடையதில் வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணுகிற கிருமி குடியிருக்கிறது என்று மறுநாள் அதே குழாயடியில் போட்டு உடைத்தேன். எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தக் கிருமி கால் வழியா எறங்குமாக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

“ஏன்டி, வலிக்கே வழி தெரிஞ்சு குதிகால் வரைக்கும் வருது, கிருமிக்குத் தெரியாதா?”

சாயங்காலத்துக்குள் என்னிடம் மிதிபட்டவர்கள் எல்லாரும் மிதிபட்டு எத்தனை நாள் ஆனது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குதிகாலிலிருந்து அவர்கள் இடுப்புக்குக் கிருமி போனதா, அவர்கள் இடுப்பிலிருந்து என் குதிகாலுக்கு ஏறியதா என்பதில்தான் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஆபீஸ்காரர் ஒருவர் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தானும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

பல்லைப் பிடுங்கினேன், பயிற்சி செய்தேன். வலி மெல்லக் குறைந்தது. ஆனால் மாசக்கணக்கில் கூடத்துத் தரை காலியாகக் கிடந்தது. தெருவில் ஒரு பெண் ஓடிப்போன சேதி எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வலியைவிட அதுதான் வலித்தது. மருமகளைப் படுக்கச் சொன்னேன். தன் இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

டாக்டரிடம் போய், என் காலில் கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன், கேட்டில் மாட்டிவைக்கலாம் என்று. அவர் சிரித்துவிட்டு, முதலில் ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்றார். மூன்று எண்ணுவதற்குள் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இந்த லட்சணத்தில் யாரை மிதிப்பது? கிருமி இல்லாவிட்டாலும் என் தொழில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி கோலம் போடக் குனிந்தாள், நிமிரவில்லை. மூன்று நாள் தைலம் தேய்த்துப் பார்த்தாள். நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் கூடத்தில் நின்றாள். கையில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்.

“இத காலுல மாட்டிக்கினு மிதிக்கா.”

மாட்டிக்கொண்டேன். அவள் படுத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். கவர் அவள் புடவையில் வழுக்கியது.

“வழுக்குதுடி. கழட்டட்டுமா? நீயே சொல்லு.”

நான் காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வேண்டாம் என்றால் அந்தத் தெருவில் இனி யாருமே வர மாட்டார்கள்.

“கழட்டித் தொலைக்கா. நிமுர முடியல.”

மெல்ல மிதித்தேன். தரையைப் பார்த்தபடியே அவள் பேச ஆரம்பித்தாள். அந்தக் கிருமிக் கதையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது அவள்தானாம்.

“தெரியும். அசையாம படு.”

ஒற்றைக் காலில் எவ்வளவு நேரமாக நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன். நின்றேன்.

மூன்று மிதிதான் வழக்கம். அன்றைக்கு நாலு மிதித்தேன். நாலாவதுக்கு அவள் “அம்மா” என்றாள். அந்த மிதி எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும்.