செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்தபோது

கோழிப் பண்ணையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆனால் ஒரு கோழி அடைகாப்பதை முதன்முதலில் பார்த்தது நாற்பத்தாறு வயதில், அந்த வேலை போன பிறகுதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறி ஓடும் தெருவில். எங்கள் தெருவில் கோழி வளர்க்க மாட்டார்கள். பாவு நீட்டியிருக்கும்போது ஒரு கோழி புகுந்தால் போதும், நூலைக் கிளறி ஒரு நாள் வேலையைப் பாழாக்கிவிடும். கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்தேன். கணவர் ரிக் வண்டியில் போர்க்கிணறு தோண்டப் போகிறவர். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று போனால் திரும்பிவர எட்டு மாதம் ஆகும். மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த முட்டைக்கோழிப் பண்ணையில் சேர்ந்தேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் தப்பாகப் படும். காலையில் குளித்து, பண்ணை உடுப்பு மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போவேன். கண்ணுக்கு எட்டிய தூரம் கூண்டுகள், எல்லாம் வெள்ளைக் கோழிகள். உள்ளே போய் நின்றதும் சத்தத்தை வைத்தே என்னால் சொல்ல முடியும், எந்த வரிசையில் தண்ணீர் வரவில்லை, எங்கே ஒரு கோழி கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று. பண்ணையின் கால்நடை டாக்டர் புதிதாக வருகிறவர்களிடம், "இந்தம்மாகிட்ட கேட்டுக்குங்க, கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவாங்க" என்பார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

அந்தக் கோழிகள் அடைக்கு உட்காராது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் அந்தக் குணம் போய்விட்டது. இட்ட முட்டை சரிவில் உருண்டு கூண்டுக்கு வெளியே வந்துவிடும். கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. நாங்கள் எடுத்து அட்டையில் அடுக்குவோம்.

பண்ணையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி, புறா, கிளி எதுவும் வளர்க்கக் கூடாது. வெளியிலிருந்து நோய் நம் கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எல்லோரும் சேர்ந்தோம்.

அப்படியிருந்தும் ஆசை வந்தது. எங்களை ஏற்றிப் போகும் வேன் ஒரு டீக்கடை முன்னால் நிற்கும். அந்தக் கடைக்காரர் வளர்த்தது சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. குட்டைக் காலும் சின்ன உடம்புமாக ஒரு கையில் அடங்கிவிடும். ஒருநாள் அது தன்னைப்போல் பத்து மடங்கு பெரிய நாயை ரோட்டின் அந்தப் பக்கம்வரை துரத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பிவந்து குஞ்சுகளோடு சேர்ந்துகொண்டது. வேனில் எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து வேறு எந்தக் கோழியைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தோன்றாது. சிறுவிடை என்றால் மட்டும் நின்று பார்ப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பண்ணையில் முட்டைகளைத் தானே இழுத்துவரும் பெல்ட் போட்டார்கள். எட்டுப் பெண்களுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. நானும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எதிலும் கை ஓடவில்லை. அப்போது கணவர் முதுகு வலியால் ரிக் வேலையை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"கோழி வளத்தலாமுன்னு பாக்கறனுங்க" என்றேன்.

"ஏம்புள்ள, பதினோரு வருசம் மோந்த நாத்தம் உனக்குப் பத்தலையா?" என்று சிரித்தார்.

தம்மம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் வீட்டில் சிறுவிடை இருந்தது. பஸ் ஏறிப் போய் மூன்று கோழியும் ஒரு சேவலும் கேட்டு வாங்கிவந்தேன். கூடையைக் கையில் கொடுக்கும்போதே அவள் சொன்னாள்: "அண்ணி, பண்ணையில வளக்கற மாதிரி வளக்காதீங்க. இதுங்க வேற மாதிரி."

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத கோழியா? கூண்டு கட்டினேன். தீவனத்தை வேளை தவறாமல் வைத்தேன். தண்ணீர்ப் பாத்திரத்தை இரண்டு வேளையும் கழுவினேன். அவை தீவனத்தைக் கிளறிச் சிதறடித்துவிட்டு வெளியே போய் எறும்பு பொறுக்கின. சாயங்காலம் கூண்டில் அடையாமல் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. தூக்கிவந்து உள்ளே விட்டால் மறுநாளும் அதே கிளைக்குத்தான் போகும். நாலாம் நாள் தோற்றுப்போய் கூண்டுக் கதவைக் கழற்றி வைத்தேன்.

மூன்று கோழியில் ஒன்று செவலை. இரண்டாவது மாதம் அது விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இரை எடுக்கவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, கிட்டப் போனால் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. தூக்கினால் வயிறு கொதித்தது. நெஞ்சில் இறகு உதிர்ந்திருந்தது. பண்ணையில் இப்படி ஒரு கோழி இருந்தால் உடனே பிரித்து எடுத்துவிடுவோம். நானும் அதைத் தனியே ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, வாயைப் பிளந்து சொட்டு மருந்து விட்டேன். அது பெட்டியைத் தாண்டி ஓடி மறுபடி விறகு மூலையில் போய் உட்கார்ந்தது. மறுநாளும் அதே கதை. நான் பயந்துவிட்டேன். மற்ற கோழிகளுக்கும் பரவிவிட்டால்?

இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பெண் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். என்னைவிட பத்து வயது இளையவள். கணவரை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். அவளும் சிறுவிடைக் கோழிகள் வைத்திருந்தாள். நான் மருந்து பாட்டிலோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க அக்கா?" என்றாள்.

"இரை எடுக்க மாட்டேங்குது. காய்ச்சலாட்ட இருக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, அதுக்குச் சீக்கு இல்லீங்க. அடைக்கு உக்காந்திருக்குதுங்க. முட்டை இல்லாமயே உக்காந்திருக்குது, பாவம். கோழிப் பண்ணைக்காரங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

வெட்கமாகிவிட்டது. அவள்தான் எனக்கு எல்லாம் சொல்லித் தந்தாள். பழைய கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நான் எடுத்துச் சேர்த்து வைத்திருந்ததில் பதினோரு முட்டை வைத்தோம். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க ஒரு இரும்புத் துண்டு வைக்க வேண்டும் என்றாள். கணவர் ரிக் வண்டியிலிருந்து கழற்றிவந்த ஒரு பெரிய நட்டைத் தேடி எடுத்து, சிரிக்காமல் கூடை ஓரத்தில் வைத்தார்.

செவலை ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு முட்டையையும் அலகால் புரட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. நாளுக்கு ஒரு தடவை மட்டும் எழுந்து, அவசர அவசரமாக இரண்டு வாய் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் ஒருமுறை புரண்டுவிட்டு ஓடிவரும். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இருக்காது. சூடு எத்தனை, ஈரம் எத்தனை என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பதினோராம் நாள் பண்ணை டாக்டர் போன் செய்தார்.

"அம்மா, புதுசா குஞ்சு ஷெட் ஒண்ணு ஆரம்பிக்கறோம். பெல்ட் எல்லாம் குஞ்சுகிட்ட ஆகாது, ஆள்தான் வேணும். உங்களைத்தான் நெனச்சேன். வீட்ல கோழி ஏதும் இல்லையே?"

"இருக்குதுங்க சார். நாலு."

"யாருக்காச்சும் குடுத்துட்டு திங்கக்கிழமை வந்துடுங்க."

"ஒண்ணு அடைக்கு உக்காந்திருக்குதுங்க. இன்னும் பத்து நாள் இருக்குது. இப்ப எடத்த மாத்துனா முட்டைய உட்டுட்டு எந்திரிச்சுருமுங்க."

"சரி, பொரிக்கட்டும். அப்புறம் நாம பேசலாம்" என்றார்.

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் இதே பேச்சு. மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். போனில், "அம்மா, கோழி நாளைக்குக்கூட வாங்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பேசாம பேருக்குப் பக்கத்து ஊட்டுல உட்டுட்டு, கோழி இல்லைன்னு சொல்லிரு. அவிங்க வந்து பாக்கவா போறாங்க?"

"அது மட்டும் முடியாதுங்க."

ஒரு தடவை எங்கள் பண்ணையில் ஒரு ஷெட்டில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. காலையில் போனால் கூண்டுக்குக் கூண்டு தலை தொங்கிக் கிடக்கும். நாலு நாள் நாங்கள் செத்த கோழிகளை மட்டும் சுமந்தோம். சாப்பாடு இறங்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வெள்ளைக் கோழிகள்தான் பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தன. அவற்றிடம் பொய்யோடு போய் நிற்க என்னால் ஆகாது. இதைச் சொன்னதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் கூடைப் பக்கம் குனிந்தபோது ஒரு சத்தம் கேட்டது. முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒன்று. செவலை தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள்ளேயே மிக மெதுவாகப் பதில் சொன்னது. மறுபடி உள்ளிருந்து கீச். மறுபடி பதில். இன்னும் ஓடு உடையவில்லை, முகம் பார்க்கவில்லை, அதற்குள் இரண்டும் பேசிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கோழிகள் நடுவே அத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த பிராணியை எனக்குப் பாதிகூடத் தெரியாது என்பது அங்கே குந்தியிருந்தபோது புரிந்தது. மீதியையும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. முடிவு என்று நான் எடுத்தது அவ்வளவுதான்.

இருபத்தொன்றாம் நாள், பதினொன்றில் ஒன்பது பொரித்தன.

மறுநாள் பண்ணைக்குப் போனேன். குஞ்சைத் தொட்ட கை என்பதால் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தள்ளியே நின்றுகொண்டு டாக்டரை வரச் சொன்னேன். அவர் கேட்டுக்கு உள்ளேயும் நான் வெளியேயும் நின்று பேசினோம்.

"என்னால கோழிய உட முடியலீங்க சார்."

"நாலு கோழிக்காகவாம்மா?" அவர் குரலில் கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"எனக்கே சரியாச் சொல்லத் தெரியலீங்க."

அவர் தலையாட்டினார். "எத்தனை பொரிச்சுது?" என்று கேட்டார். சொன்னேன். "நல்ல பொரிப்பு" என்றார். பிறகு, தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அனுப்பச் சொன்னார். வீடு வந்து சேருவதற்குள் எனக்கு ஒரு பெயர் தோன்றிவிட்டது.

கறிவேப்பிலை கேட்டு வந்த அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. "அக்கா, நீங்க வேண்டாமுன்னு சொன்ன வேலைங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வேன் வீட்டுப் பக்கத்திலேயே வரும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று எடுத்துச் சொன்னேன். அவளுக்கு அந்த வேலை என்னைவிட அவசியம். விதியையும் சொன்னேன். முகம் வாடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கூடையில், அவள் கருப்பி என்று கூப்பிடும் கருப்புக் கோழியோடு சேர்த்து ஐந்து கோழிகளையும் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினாள்.

"நீங்களே வெச்சுக்கங்க அக்கா. அறுத்துறாதீங்க." அழாமல் சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

நான் இப்போது துண்டுகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கும் கம்பெனிக்குப் போகிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை தையல் மெஷின் முன்னால். பண்ணை வேலைபோல இதில் எனக்கு மனசு ஒட்டவில்லை, உண்மை. சில நாள் அந்த ஷெட்டுக்காக ஏங்குவேன். முட்டாள்தனம் செய்துவிட்டோமோ என்றும் தோன்றும். வீட்டுக்கு வந்து கோழிகளுக்குக் கம்பு தூவும்போது அந்த எண்ணம் சில நாள் போய்விடும், சில நாள் போகாது. மூன்று மாதம் கழித்துச் செவலை தன் குஞ்சுகளைக் கொத்தி விரட்டியபோது எனக்குக் கோபமே வந்தது. கணவர்தான், "அதுக்கு வேலை முடிஞ்சுது, நீ எதுக்கு அழுவற?" என்றார். அவர் இப்போது பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கோழிகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்.

அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. வரக்கூடாது. வேன் இறங்கி வரும்போது ரோட்டின் அந்தப் பக்கமே நின்று, "அக்கா, என்ற கருப்பி முட்டை வெக்குதுங்களா?" என்று சத்தமாகக் கேட்பாள். "வெக்குது சாமி, நேத்து பன்னெண்டாவது!" என்று நான் இங்கிருந்து கத்துவேன். பிறகு, "ஷெட்டுல குஞ்செல்லாம் எப்படி இருக்குது?" என்று கேட்பேன். அவள் அங்கேயே நின்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்வாள்.