நியூகாசிலில் வேகாத சோறு

நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக நியூஜெர்சியிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போயிருந்தோம். ஆற்றங்கரை ஓட்டல், கீழே வெள்ளிக்கிழமை சாயங்காலக் கும்பல், ஒரே பாட்டும் கூத்தும். என் கணவருக்கு ரசம் சாதம் இல்லாமல் ஆகாது. வீட்டு ரைஸ் குக்கரையே கொண்டுபோயிருந்தேன். அடாப்டர் பொருந்திவிட்டதே என்று ஸ்விட்சைப் போட்டேன். அமெரிக்கக் குக்கருக்கு அங்கத்திய கரன்ட் இரண்டு மடங்கு என்று யார் கண்டது!

குபுகுபுவென்று புகை. அலாரம் அலறியது. ஓட்டலில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். குளிரில் நைட்டியோடு நின்ற என்னைப் பார்த்துக் கும்பல் கைதட்டியது. அழக்கூட முடியவில்லை.

தீயணைப்பு வீரர் கருகிய குக்கரோடு வந்து, "இது யாருடையது?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். என் ஆறு வயது மகள் கையைத் தூக்கி, "இட்ஸ் மை மாம்ஸ்!" என்றாள்.

இப்போதெல்லாம் பயணத்தில் கரன்ட் சாமானே எடுப்பதில்லை. ஆனாலும் கிளம்புமுன் என் பெட்டியை மகள் திறந்து பார்க்கிறாள்.

– ஒரு வாசகி, வெஸ்ட் வின்ட்சர்