ஓநாய்ப் படமும் மூன்று ஓலையும்

அந்த ஓநாய்ப் படத்தைப் பார்த்த ஆளை எங்கள் ஊருக்கு வெளியே நான் இதுவரை சந்தித்ததில்லை. பேய்ப்படப் பைத்தியம் என்று சொல்லிக்கொள்கிற எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். "அப்படி ஒரு படமா, எப்ப வந்துச்சு?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். வந்தது. பூசை முடிந்து, கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே கண் சொருகிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், எங்கள் கேபிள்காரர் தமிழ் பேசவைத்த இங்கிலீஷ் படங்களின் சிடியைப் போடுவார். அப்படி ஒரு ஞாயிறு வந்து போன படம் அது. முழு நிலவில் மனுசன் ஓநாயாகிற கதைதான். ஓநாயின் ரோமம் தென்னைநார்க் கால்மிதி மாதிரி இருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் நடித்த நாய்க்காகவாவது நாலு பேர் அந்தப் படத்தைக் கொண்டாடியிருக்க வேண்டும்.

குளிர் தேசத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒரு பொடியன், வீட்டு நாய். பல வருசம் கண்காணாமல் போயிருந்த சித்தப்பா திரும்பி வந்து மாடியறையில் தங்குகிறார். சிரித்த முகம், கையில் எப்போதும் பொடியனுக்கு ஏதாவது தின்பண்டம். நாய் மட்டும் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து ஆடுகள் செத்துக் கிடக்கும்போது பழி நாய்மேல் விழும், கட்டிப்போடுவார்கள். கடைசியில் அது கட்டை அறுத்துக்கொண்டு வந்து பொடியனுக்கும் ஓநாய்க்கும் நடுவில் நிற்கும். எங்கள் அம்மா அழுதேவிட்டாள். "வாயில்லா ஜீவனுக்குத் தெரியுது, மனுசனுக்குத் தெரியலையே" என்றாள். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அண்ணன், "நாய்க்கு மோப்பம் பொய்க்காதும்மா" என்றான்.

அன்று காலையில்தான் கோயிலில் எனக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். மூன்றாவது ஓலையும் சிக்கலில்லாமல் போனால்தான் தாலி. ஓலை பாதியில் நின்ற பெண்ணை அப்புறம் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளை கடமலைக்குண்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார், அத்தை ஒருத்தி பார்த்துச் சொன்ன இடம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. செவலை. அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அண்ணன் குடித்துவிட்டு ஆடிய காலத்தில் குட்டியாக வந்தது; அவன் காலால் வாங்கிய உதைக்குக் கணக்கில்லை. அதனாலோ என்னவோ, சாராய வாடை பட்டால் முதுகு ரோமம் சிலிர்த்து அடித்தொண்டையில் உறுமும். மற்றபடி தபால்காரரிடம்கூட வாலாட்டும். அண்ணன் அந்தோணியார் பீடத்தில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டபோது, அம்மா ஊரில் யார் பேச்சையும் நம்பவில்லை; நாய் உறுமுகிறதா என்றுதான் பார்த்தாள். அது அவன் காலடியில் வந்து படுத்த அன்றைக்குத்தான் நம்பினாள். தெருவில் இது பெரிய கேலி. "ஏ மதினி, உங்க நாயை ஒரு நாளைக்கு இரவல் குடு, எங்க வீட்டுக்காரரைச் சோதிக்கணும்" என்பார்கள் பெண்கள்.

அந்த நாய்தான் மாப்பிள்ளையைப் பார்த்து உறுமியது.

முகூர்த்தப் பட்டு எடுப்பதைப் பேச அந்த வாரம் அவர் வந்திருந்தார். கட்டப்போகிறவன் பெண் வீட்டு வாசலைத் தனியாக மிதிக்கக் கூடாது, பெண்ணின் அண்ணன் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. திராட்சை அறுப்புச் சமயம். அண்ணன் ராத்திரியெல்லாம் தோட்டத்துக் கொட்டகையில்தான் படுப்பான், விடிந்து கிணற்றில் குளித்து வேட்டி மாற்றித்தான் வீட்டுக்கு வருவான். அன்றைக்குத் தோட்டத்திலிருந்து நேரே உத்தமபாளையம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவரைக் கூட்டி வந்தான். இரண்டு பேரும் வாசலில் கால் வைத்தார்களோ இல்லையோ, செவலை எழுந்து நின்றது. நிச்சயத்துக்குப் பிறகு ஒரு தடவை வந்தபோதும் உறுமியது. புது ஆள் என்று விட்டுவிட்டோம். இப்போது அப்படி விட முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் கண்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன.

அவர் போன பிறகு அண்ணன் ஆரம்பித்தான். "வைண்டிங் கடைக்காரன் மேல வார்னிஷ் வாடை எந்நேரமும் அடிக்கும். அதுக்குள்ள எந்த வாடையும் அமுங்கிப் போகும். நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும்."

"கண்ணு வேற செவந்து கெடந்துச்சு" என்றாள் அம்மா.

"கம்பி சுத்துறவுக கண்ணு செவக்காம பின்ன பச்சையாவா இருக்கும்?" என்றேன். சொன்னேனே தவிர, சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் டம்ளரை வாங்கும்போது கை நடுங்கியதா, ஏன் அவ்வளவு கொஞ்சமாகப் பேசினார், ஏன் அண்ணனை விட்டு இரண்டடி தள்ளியே உட்கார்ந்தார் என்று ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டே இருந்தேன். ஒரு மனுசனைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் அவன் நல்லபடியாக மூச்சு விடுவதுகூட நடிப்பாகத்தான் தெரிகிறது.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து வந்த அம்மா முக்காட்டைக்கூட எடுக்காமல் சொன்னாள்: "குடிகாரன்ட்ட ஒரு வாட்டி பட்டது போதும். மூணாவது ஓலைக்கு முந்தி நான் சாமியாரைப் பாத்துச் சொல்லிருவேன்." அண்ணன் வேகமாகத் தலையாட்டினான். அந்த வேகம் எனக்கு உறுத்தியது. குடியை விட்டவன் இன்னொரு குடிகாரனுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டானா? சரி, தங்கச்சி மேல அக்கறை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அண்ணன் கூட இல்லாமல் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மறுநாள் பூத்துக்குப் போய் அவருடைய கடைக்கு போன் போட்டேன். "சனிக்கெழம மத்தியானம் வீட்டுக்கு வாங்க. தனியா வாங்க. எங்கண்ணனுக்குச் சொல்ல வேணாம்."

"மச்சான் வந்து கூட்டிட்டுப் போறதுதான முறை" என்றார்.

"முறையை நான் பாத்துக்கிறேன். வருவீகளா, மாட்டீகளா?"

"வர்றேன்" என்றார். அந்தத் தயக்கத்தை வைத்து மிச்ச நாளெல்லாம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை வந்தார். அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். செவலை வாசலுக்குப் போனது. அவர் செருப்பை மோந்தது, வேட்டி நுனியை மோந்தது, வார்னிஷ் நெடி தாங்காமல் ஒரு தும்மல் போட்டது. பிறகு அவர் கால்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து அதன் காதைத் தடவிக் கொடுத்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதிருப்பேன். வாசலில் கால் வைத்தது எப்போதும் இரண்டு பேர் என்பது அன்றுவரை எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை. படத்தில் ஓநாய் சொந்தச் சித்தப்பன்தான் என்று பார்த்துவிட்டு வந்தும், நாங்கள் வெளியாளைத்தான் தேடியிருக்கிறோம்.

யாரோ பஸ் ஸ்டாப்பில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே அண்ணன் வந்துவிட்டான். "முறை தெரியாத பய வீட்டுக்குள்ள எப்படி வந்தான்?" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். செவலை எழுந்தது. முதுகு ரோமம் நட்டுக்கொண்டு நின்றது. அந்த உறுமலைக் கேட்டதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே அவனிடம் போனாள்.

"ஏலே, வாயை ஊது."

"என்னையவா சந்தேகப்படுற?"

"ஊதுலே."

அவன் கையை ஓங்கினான். எங்கள் அம்மாமேல். செவலை குரைக்கவில்லை, கடிக்கவுமில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவன் உதைக்கக் காலைத் தூக்கினான், அது அசையவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் திரும்பித் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் மாப்பிள்ளைமேல் திரும்பியது. "உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். ரெண்டு வாட்டியும் பஸ்ஸ விட்டு எறங்கயிலேயே வாடை அடிச்சுச்சு."

"பழி உங்க மேல விழுகுதுன்னு தெரிஞ்சும் வாயைத் தொறக்கலையா?"

"உங்கண்ணனைப் பத்தி நான் சொன்னா யாரு நம்புவாக? ஓலையை நிறுத்தத்தான் சொல்றேன்னு நெனப்பாக." செவலையின் காதைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஓலை நின்னுறக் கூடாது" என்றார். அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்த மனுசனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று தோன்றியது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அதில் பொய் தட்டுப்படவில்லை.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் போகவில்லை. கல்யாணத்தன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தலில் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றான். வெற்றிலை மணக்க மணக்கச் சிரித்தான். அம்மா வாயே திறக்கவில்லை. ஊருக்கு முன்னால் எப்படித் திறப்பாள்? அவள் செய்ததெல்லாம், செவலையைக் கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தில் கட்டி வைத்ததுதான். வந்த சனத்துக்கு நடுவில் அது அவனைப் பார்த்து உறுமக் கூடாதே.

புறப்படுகிற நேரம் நான் பட்டுச் சேலையோடு கொல்லைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். எனக்கு ஒரே பயம், நான் போனதும் அவன் அதைக் கொன்றுபோடுவான் என்று. மாப்பிள்ளையிடம் முன்னாலேயே கேட்டிருந்தேன், சரி என்றிருந்தார். காரில் ஏற்றலாம் என்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா வந்து என் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்தாள்.

"இதை என்கூடக் கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன்.

அம்மா பந்தல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அங்கே அண்ணன் யாரையோ கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"விட்டுட்டுப் போ, ஆத்தா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இங்கன எனக்கு வேணும்."

நான் கயிற்றை விட்டேன்.