நிற்காத கம்ப்ரசர்

திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு நண்டு பதப்படுத்தும் ஆலை. அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்துச் சதை எடுக்கும் கூடத்தில் நாற்பது பெண்கள். அந்தச் சதையைக் குளிர் அறையில் அடுக்குவது அனிட்டாவின் வேலை. பதினொரு வருடப் பழக்கம். கணவர் ஜெபஸ்டின் கால் முறிந்து கடலுக்குப் போகாமல் இருந்ததால் வீட்டுக்கு அனிட்டாவின் சம்பளம் ஒன்றுதான்.

போன சித்திரையில், மின்சாரச் செலவைக் குறைக்கும்படி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. மேலாளர் பாண்டீஸ்வரன் கூடத்தின் எட்டுக் காற்றாடிகளையும் நிறுத்தினார். அவர் அறையின் ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிக்கனம் என்று வந்தால் முதலில் கூலிக்காரரின் மூச்சில்தான் கை வைப்பார்கள்.

மூன்றாம் நாள் பூமயில் என்ற பெண் மயங்கிச் சரிந்தார். அன்றிலிருந்து அனிட்டா குளிர் அறைக் கதவைச் சாத்தவில்லை. இடையில் ஒரு காலித் தட்டைச் செருகி வைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த இடுக்கில் முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

மாதக் கடைசியில் மின்சாரச் செலவு கூடியிருந்தது. கண்ணேறு என்று பாண்டீஸ்வரன் குளிர் அறையின் கம்ப்ரசர் மேல் எலுமிச்சம்பழம் கட்டினார்! மறுநாள் காலை அந்தத் தட்டு அவர் கண்ணில் பட்டது.

"யாரு வேலை இது? செஞ்சவுக இப்பவே வீட்டுக்குப் போகணும்."

பூமயில் எழப் போனார். அனிட்டா அவர் தோளை அமுக்கினார்.

"நான்தான் சார்."

"சோறு போட்ட இடத்துக்கு இப்படியா செய்வ?"

"அது நாங்க உழைச்ச சோறு சார். இந்தக் கம்ப்ரசர் முன்னெல்லாம் அறை குளுந்ததும் தானா நிக்கும், நின்னு நின்னு ஓடும். நீங்க காத்தாடிய நிறுத்துனீங்க, நாங்க கதவத் தொறந்தோம், இப்ப அது நிக்கவே மாட்டேங்குது. காத்தாடியப் போடுங்க, கதவச் சாத்துறேன். மத்தியானம் ஒரு மணிக்குள்ள கம்ப்ரசர் நிக்கலைன்னா நானே போயிர்றேன்."

"நின்னுட்டா?"

"காத்தாடி ஓடணும். என் வேலையும் இருக்கணும்."

"சரி, பாப்போம்."

காற்றாடிகள் சுழன்றன. கதவு சாத்தப்பட்டது. பன்னிரண்டு ஆனது. கம்ப்ரசர் உறுமிக்கொண்டே இருந்தது. பூமயில் அனிட்டாவிடம் வந்தார்.

"அக்கா, அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கவா?"

"அவர விடு. கதவு ஒழுங்கா சாத்தியிருக்கான்னு போய்ப் பாரு."

பூமயில் கதவோரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். கீழ் மூலையில், ரப்பர் விளிம்பில் ஒரு நண்டுக்கால் சிக்கியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, கதவை முதுகால் அழுத்திச் சாத்தினார்.

பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். பாண்டீஸ்வரன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். அனிட்டா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் வைத்தார்.

ஒன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் உறுமல் அடங்கியது. தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு பாண்டீஸ்வரன் ஓடிவந்தார்.

"என்ன, கரண்டு போயிருச்சா?"

நாற்பது பெண்களும் தலை நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். எட்டுக் காற்றாடிகளும் ஓடிக்கொண்டிருந்தன.