புதன்கிழமைக் கத்திரிக்காய்

பேட்டரி கம்பெனி கேண்டீனில் சமைக்கிறவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அது புதன்கிழமை. அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பே எரியாது. காலையில் ஆற அமரக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, பதினொன்றரை மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவாள். ஹோட்டலில் போய் உட்கார்ந்து சாப்பிட.

கம்பெனியில் வாசல் காவலாளி முதல் அவளைவிட மூத்த மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் கேண்டீன் அக்கா. பத்தொன்பது வயதில் உருளைக்கிழங்கு தோல் சீவ வந்தவள், இருபத்தேழு வருஷத்தில் பெரிய அண்டாவின் பொறுப்புக்கு வந்திருந்தாள். மதியத்துக்கு முந்நூற்று இருபது தட்டு. அத்தனை தட்டும் போய்ச் சேரும் நேரத்தில் அவளுடைய மூக்கே சாப்பிட்டு முடித்திருக்கும். வாய்க்கு மிச்சம் எதுவும் இருக்காது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே நாலு கவளம் விழுங்குவாள். அது சாப்பாடு இல்லை, இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி.

வீட்டுக்காரருக்கு இந்தப் புதன்கிழமை விவகாரம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் எடை போடும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். கிராம் கணக்கில் துல்லியம் பார்க்கிற மனிதருக்கு நாக்கு மட்டும் மரக்கட்டை. சமைக்கத் தெரிந்தவள் வீட்டிலேயே இருக்கும்போது ஹோட்டலுக்கு எதற்கு என்று கேட்பார். முடி வெட்டுகிறவர் தனக்குத்தானே வெட்டிக்கொள்வாரா என்று அவள் திருப்பிக் கேட்பாள். இரண்டு மூன்று தடவை கூட அழைத்துப் போய்ப் பார்த்தாள். அவள் முதல் வாயை ருசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் தனியாகவே போனாள்.

அவளுக்கென்று மூன்று இடங்கள் இருந்தன. பாலத்தடியில் மீன் வறுத்துத் தருகிற கடை ஒன்று. காகிதக் கடைக்கு மேல் மாடியில் சூப்புக்குப் பேர்போன ஒன்று. ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த எட்டு மேசைக் கடையில்தான். அங்கே கத்திரிக்காய் கிடைக்கும். நெருப்பில் சுட்டுத் தோலுரித்து, வெங்காயமும் பூண்டும் சேர்த்துக் கிளறிய சாதாரணக் கத்திரிக்காய். பக்கத்தில் இரண்டு ரொட்டி. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. வாயில் வைத்தால் முதலில் புகை, பிறகு இனிப்பு, விழுங்கினதற்கு அப்புறம் மெல்ல ஒரு காரம் வரும். எந்தச் சாப்பாட்டைத் தின்றாலும் அது எப்படி உருவானது என்று அவள் மூளை பிரித்து மேய்ந்துவிடும், தொழில் அப்படி. இந்த ஒன்று மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதனாலேயே இதன் முன்னால் அவளால் சமையல்காரியாக இல்லாமல், வெறுமனே சாப்பிட வந்தவளாக உட்கார முடிந்தது. ஆறு வருஷம் அப்படி உட்கார்ந்தாள்.

அந்தக் கடை முதலாளிக்குச் சிரிப்பு முதலாளி என்றே பெயர். நாற்காலி உடைந்து ஆள் விழுந்தாலும் சிரித்துக்கொண்டுதான் தூக்கிவிடுவார். ஒரு புதன்கிழமை அவர் கொண்டுவந்து வைத்த கத்திரிக்காயை அவள் வாயில் வைத்தாள். புகை வந்தது. இனிப்பு வரவில்லை. பூண்டு பச்சையாக முன்னால் வந்து நின்றது. வெங்காயத்தை அவசரப்படுத்தியிருக்கிறார்கள்; ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதைக் கால் மணியில் இறக்கிவிட்டுக் கொஞ்சம் சர்க்கரை தூவியிருக்கிறார்கள். முதல்முறையாக அந்தக் கத்திரிக்காய் அவளுக்குப் புரிந்தது.

யாருக்கும் ஒரு நாள் கை தவறும் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். அடுத்த புதனும் அதே கதை. மூன்றாம் வாரம் முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சிரித்தார். அதே காய், அதே அடுப்பு, அதே எண்ணெய் என்றார். வெயில் காலத்தில் சிலருக்கு வாய் கசக்கும் என்றும் சொன்னார். அவள் விடவில்லை. உள்ளே ஆள் மாறியிருக்கிறதா என்று நேராகவே கேட்டாள்.

முதலாளி கையை விரித்து எட்டு மேசையையும் காட்டினார். "எல்லாரும் சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னுதாம்மா போறாங்க. உங்களுக்கு மட்டும்தான் குறை."

அதுதான் அவளைக் கொன்றது. ஏனென்றால் அது உண்மை. பக்கத்து மேசைக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, நல்லாத்தானே இருக்கு என்றார். ஒரு பொட்டலம் வாங்கிப்போய் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். அவர் யோசித்து மென்று, கத்திரிக்காய் கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது என்று தீர்ப்பு சொன்னார். நாக்கு போய்விட்டதோ என்று அவளுக்கே பயம் வந்தது. மறுநாள் கேண்டீனில் உப்பையும் புளிப்பையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தாள். நாக்கு அப்படியேதான் இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கூட்டியது. நாக்கு கெட்டிருந்தால் ஒரு மருந்தாவது சாப்பிட்டிருக்கலாம்.

கேண்டீனுக்குக் காய்கறி கொண்டுவருகிற அம்மாள்தான் எட்டு மேசைக் கடைக்கும் போடுகிறவள். தராசுக்கு முன்னால் நின்று பேச்சோடு பேச்சாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அந்தக் கடையில் பதின்மூன்று வருஷமாகச் சமைத்தது முதலாளியின் சொந்தத் தமக்கை. ஒரு மாதத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போய்விட்டார். என்ன சண்டை என்று தெரியாது. இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கிறார்.

அடுத்த புதன்கிழமை கேண்டீன் அக்கா எந்த ஹோட்டலுக்கும் போகவில்லை. சலவை நிலையத்துக்குப் போனாள்.

நீராவியில் வெந்துகொண்டிருந்த நீளமான அறை. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. ஐம்பத்தெட்டு வயது இருக்கும், ஒல்லியான ஒருத்தர் விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மறுமுனையைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். முன்கையில் பழைய எண்ணெய்த் தெறிப்புகள் புள்ளி புள்ளியாக இருந்தன. விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. தன் கையிலும் அதே புள்ளிகள்தான்.

தான் யார் என்று சொன்னாள். புதன்கிழமை, ஜன்னலோர மேசை, கத்திரிக்காய். தமக்கை மடிப்பதை நிறுத்தவில்லை. ரொட்டியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் கத்திரிக்காயைத் துடைத்துச் சாப்பிடுகிறவள் நீதானா என்று கேட்டார். தட்டுகள் உள்ளே திரும்பி வரும்போது பார்ப்பாராம். முகம் தெரியாது, தட்டு தெரியும்.

"நான் போனதை யாராவது கேட்டாங்களா?" என்றார் பிறகு.

எல்லோரும் தேடுகிறார்கள் என்று ஒரு பொய் சொல்லலாம். கேண்டீன் அக்காவுக்கு அது நாக்கு வரை வந்தது. ஆனால் பதின்மூன்று வருஷம் ஒரு தட்டில்கூட ஏமாற்றாதவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நான் கேட்டேன்," என்றாள்.

"வேற?"

"வேற யாரும் இல்லக்கா."

தமக்கை இன்னொரு விரிப்பை எடுத்து உதறினார். மறுமுனை தரையில் விழப்போனது. கேண்டீன் அக்கா பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரும் புதிருமாக நின்று மடித்தார்கள். மடித்துக்கொண்டே அவர் நடந்ததைச் சொன்னார்.

ஒரு நாள் மதியம் வெளியூர்க்காரர்கள் ஒன்பது பேர் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும், இதைச் சமைத்தவரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அது சமையலறைக்குள்ளேயே கேட்டது. பதின்மூன்று வருஷத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. இவர் அவசரமாகக் கை கழுவி, முகத்தைத் துடைத்து, தலையை ஒதுக்கிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டார். அதற்குள் வெளியே தம்பி சிரித்தபடி, "என் கைவண்ணம்தாங்க, எல்லாம் என் கைவண்ணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்பது பேரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஈரக் கையோடு கதவுக்குப் பின்னால் நின்றவர், அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அடுப்பில் வெங்காயம் இருந்தது. கருகியிருக்கும் என்றார். அதை மட்டும் வருத்தத்தோடு சொன்னார்.

கேண்டீன் அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. அங்கிருந்து நேராக எட்டு மேசைக் கடைக்குப் போனாள். கூட்டம் கலைந்த நேரம். முதலாளி உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்பது பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை, என் அக்கா சமைச்சதுன்னு சொல்லியிருந்தால் உங்கள் சொத்து குறைந்துபோயிருக்குமா என்று கேட்டாள்.

முதலாளியின் சிரிப்பு போகவில்லை, சற்றுச் சுருங்கியது. வியாபாரத்தில் அப்படித்தான் பேச வேண்டியிருக்கும், அக்காவுக்கு என்ன குறை வைத்தேன், சொந்த வீட்டுக்காரங்களுக்குள்ளே இதெல்லாம் பெரிய விஷயமா என்றார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். எப்போதோ யாரோ சொல்லி, அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நாக்கு இவ்வளவு துல்லியமா இருக்கே, நீங்களே வந்து சமையலை எடுத்துக்கங்களேன். கேண்டீனைவிட இங்க மரியாதை ஜாஸ்தி."

செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதியவனுக்கு மூச்சு மிஞ்சும். அவளுக்கு அதுவும் மிஞ்சவில்லை. இத்தனை பேசியதில் அந்த மனிதர் காதில் விழுந்தது, இவளும் சமைப்பாள் என்பது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நாள் உட்கார வந்தவளை எழுப்பி உள்ளே அனுப்பப் பார்க்கிறார். அவள் இறங்கிவிட்டாள்.

ஆனாலும் அவள் சொன்னது எங்கோ உறைத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து முதலாளி ஒரு பை நிறையப் பழங்களோடு சலவை நிலையத்துக்குப் போனார். போய் என்ன சொன்னார் என்றால், புதிதாக வந்த ஆள் சரியில்லை, எண்ணெய் நிறையச் செலவாகிறது, அதனால் திரும்பி வந்துவிடு என்றார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. தமக்கை பழத்தை வாங்கிக் கூட வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, நாளைக்கு நிறைய விரிப்பு வருகிறது, நீ கிளம்பு என்றார். இதைக் கேள்விப்பட்டபோது, தான் போய் வாயைக் கொடுக்காமலே இருந்திருக்கலாமோ என்று கேண்டீன் அக்காவுக்குப் பட்டது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அந்த மனுஷி திரும்பிப் போயிருப்பார். அது கேண்டீன் அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் பொறுக்கவில்லை.

தமக்கையின் அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெண்டி ஒன்றைத் தவிர அடுப்பு என்று எதுவும் இல்லை. இனிக் கரண்டி பிடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அந்தக் கத்திரிக்காயை எனக்கு ஒரே ஒரு தடவை செய்து கொடுங்கள் என்று கேட்கக் கேண்டீன் அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வி எந்தப் பக்கமிருந்து போனாலும் அந்த மனுஷியைத் திரும்ப அடுப்பு முன்னால்தானே நிறுத்தும். செய்முறையையாவது கேட்கலாமா என்று ஒரு நாள் மெல்ல ஆரம்பித்தாள்.

தமக்கை வெட்டினாற்போலச் சொல்லிவிட்டார். "சொல்லித் தர்றதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா நீ பண்ணினா அது உன் சமையலாயிடும். உனக்குப் பிடிக்காது."

அது சரிதான். சரியாக இருந்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது புதன்கிழமைகளில் இரண்டு பேருமாகப் போகிறார்கள். தமக்கை தன் விடுமுறையை அதற்காகவே மாற்றிக்கொண்டார். வாழ்நாளில் வெளியே உட்கார்ந்து, இன்னொருத்தர் கொண்டுவந்து வைத்துச் சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். முதல் நாள் மாடிக் கடையில் சூப் வந்தபோது, அவரே எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். உட்காருங்கக்கா என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

சந்தோஷமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாக்கு இருந்தபோதே நிம்மதி இல்லை, இப்போது இரண்டு. பாலத்தடி மீன் கடையில் எண்ணெய் இரண்டாம் நாள் எண்ணெய் என்று ஒருத்தர் கண்டுபிடித்தால், இல்லை மூன்றாம் நாள் என்பார் மற்றவர். ஊர் முழுக்கத் தேடிப் பதினாறு கடைகளில் கத்திரிக்காய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் தேறவில்லை. பசியோடு போய்க் கோபத்தோடு வருகிறீர்கள், இதற்கு வீட்டிலேயே கோபப்பட்டுக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

பஸ் டிப்போ வழியாகப் போகும்போது கேண்டீன் அக்கா அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்றுதான் இருப்பாள். கண் போய்விடும். உள்ளே இடம் கிடைக்காமல் வாசலில் ஆட்கள் நின்றிருப்பார்கள். பொறுமையாக, சிரித்துப் பேசிக்கொண்டு, நல்ல சாப்பாடு கிடைக்கப்போகிறது என்ற முகத்தோடு. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும். பக்கத்தில் தமக்கை ஜன்னலுக்கு மறுபுறம் திரும்பி, அடுத்து இறங்க வேண்டிய நிறுத்தம் எது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.