மாங்காய்ச் சாலட் பிறந்த பந்தி

பாலக்காட்டின் கிழக்கே இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலையில் மாங்காய்ச் சாலட் வைக்கிறார்கள். சமையல்காரர்கள் அதற்குச் சூட்டியிருக்கும் பெயர் ‘பார்டர் சாலட்’. தாய்லாந்திலிருந்து வந்தது என்று யூடியூபில் ஒருவர் விளக்குகிறார். பொள்ளாச்சிச் சமையல்காரர் ஒருவர் தன் அப்பா கண்டுபிடித்தது என்கிறார். நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. எருத்தேன்பதியில் எங்கள் வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் என் சித்தி அதை முதன்முதலாகக் கலந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டிருந்தவள் நான்.

சித்திக்கு ஊர் மலைமேல் இருக்கும் உடும்பஞ்சோலை. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். லாரியோடு மலைக்குப் போய்வந்துகொண்டிருந்த சித்தப்பா ஒருமுறை அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்து வாசலில் நின்றபோது, வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அம்மா அவளோடு நேராகப் பேசாமல் இருந்துவிட்டாள், அவ்வளவுதான். “உங்க சித்தியக் காய் அரியச் சொல்லு கண்ணு” என்பாள். சித்தி எதிரிலேயே நிற்பாள். நான் திரும்பி அதையே சொல்வேன். “சரின்னு சொல்லு பாப்பா” என்பாள் சித்தி. அவள் பேசும் தமிழ் வேறு, எங்கள் தமிழ் வேறு என்பதால் இரண்டுக்கும் நடுவில் நான் அவசியம் தேவைப்படுகிறேன் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

பெரியப்பா மகளுக்கு எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். அதற்கு முந்தைய நாள் பொழுது சாயும் நேரத்தில் மறுநாள் ஹர்த்தால், வண்டி எதுவும் ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். தோட்டத்து வழியாக பைக்குகளில் வந்துவிடுவதாகப் போனில் சொன்னார்கள். காய்கறி ஏற்றிய டெம்போவுக்கு அந்த வழி கிடையாது. செக்போஸ்ட் தாண்டியதும் ஹர்த்தால்காரர்கள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அரிசியும் பருப்பும் இருந்தன. தோட்டத்து முருங்கையும் பூசணியும் சாம்பாருக்கு ஆகும். பொரியலுக்கும் கூட்டுக்கும் ஒன்றுமில்லை. சமையல்காரர் பெரியப்பாவைத் தனியாக அழைத்து, இலையில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடியே இருந்தார். பெண் வீட்டுப் பந்தியில் இலை நிறையவில்லை என்ற பேச்சு அக்காவுக்கு முன்பே புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டில் அன்று மலிந்து கிடந்தது மாங்காய்தான். முதலமடை மாங்காய்ச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு, லாரி ஓடாததால் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. ஊறுகாய் போடலாம் என்றார் ஒரு மாமா. பெரியம்மா அவரைத் தாண்டிப்போய் அரிசியை அளக்க ஆரம்பித்தாள்.

சித்தி என்னைக் கூப்பிட்டாள். பாசிப்பருப்பு ஊற வைக்கவும் களஞ்சியத்திலிருந்து நிலக்கடலை எடுக்கவும் அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“செய்யட்டும்னு சொல்லு. நாலு பேரு முன்னால கெட்டுப்போச்சுன்னா எந்தலையெழுத்துன்னு இருந்துக்கறேன்னுஞ் சொல்லு.”

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மீதி சித்தியின் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ததை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. குவியலுக்குள் கைவிட்டு, பழுக்கவும் செய்யாத, பச்சையாகவும் இல்லாத கிளிமூக்கு மாங்காய்களாகப் பொறுக்கினாள். மூக்கில் வைத்துப் பார்த்தே ஒதுக்கினாள். தோல் சீவி, ஈர்க்குச்சி கனத்தில் நீளநீளமாக அரிந்தாள். கத்தி ஓடும் வேகத்தைப் பார்க்கச் சமையல்காரரே கரண்டியோடு வந்து நின்றார். சின்ன வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, காரம் போக உப்புத் தண்ணீரில் அலசி வைத்தாள். கடலையை வறுத்துத் தோல் ஊதி, ஒன்றிரண்டாகத் தட்டினாள். உடும்பஞ்சோலையிலிருந்து கொண்டுவந்து வேலியோரம் நட்டிருந்த காந்தாரி மிளகாயைக் கல்லுப்போடு நசுக்கி அதில் நாட்டுச் சர்க்கரை ஒரு பிடி சேர்த்தாள். ஊறிய பருப்பை ஒட்ட வடித்து, தேங்காயைத் துருவி, கொத்தமல்லியை அரிந்து, எல்லாவற்றையும் தனித்தனியாகவே மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள்.

கலக்கவில்லையா என்று கேட்டேன். எலை போட்டப்புறம் கலந்தால்தான் மாங்காய் தண்ணிவிடாது என்றாள். மலையில் மாங்காய் விளையாது, கீழே போய்வந்தவர்கள் வாங்கி வந்தால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் எல்லோரும் கூடிக் கலந்து தின்பார்களாம். அங்கே அதில் மாங்காயும் மிளகாயும் உப்பும் மட்டும்தான். கடலையும் பருப்பும் இங்கே வந்தபிறகு அவள் மனதுக்குள்ளேயே சேர்த்துப் பார்த்தது.

மாப்பிள்ளை வீட்டார் புழுதியோடு வந்து இறங்கினார்கள். இலை விழுந்தது. சித்தி அண்டாவில் எல்லாவற்றையும் கொட்டி, இரண்டு கையாலும் புரட்டி, கடைசியில் பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டாள். வாளி பந்திக்குள் போனது. போன வேகத்தில் காலியாகத் திரும்பி வந்தது. சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் அப்பா அதையே மறுபடி கேட்டு வாங்கினார். பொரியல் எங்கே என்று யாருமே கேட்கவில்லை. பெரியப்பா துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவை நிறுத்தி விசாரித்தார். “இது ஆரு பக்குவமுங்க?”

அம்மா ஒரு கணம் பின்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

“எங்கூட்டுப் பக்குவமுங்க. எங்கூட்டுல விசேசம்னா இது இல்லாம எலை போடமாட்டமுங்க.”

சித்தியின் பெயரை அம்மா ஒரு வார்த்தையில் விழுங்கிவிட்டாள். பந்தியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். சித்தி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தேங்காய்நார் நின்றது. “என்ன சொன்னாக? திருப்பிச் சொல்லு.”

சொன்னேன்.

“எங்கூட்டுப் பக்குவம்னா சொன்னாக?”

ஆமாம் என்றேன். சித்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை அருகில் இழுத்தாள். இன்னொரு தரம், அம்மா சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொன்னாள். அம்மாவோடு போடப்போகும் சண்டைக்குச் சாட்சியைத் தயார் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் அம்மாவின் குரலிலேயே, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ‘எங்கூட்டு’ என்ற இடம் வந்தபோது சித்தியின் உதடும் என்னோடு சேர்ந்து அதையே சொல்லிச் சிரித்தது.