செவ்வாய்க்கிழமைப் பதக்கம்

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் உலக யுத்தம் பார்த்த அப்பா, எழுபது வயது கடந்தும் செவ்வாய்க்கிழமைகளில் சட்டையில் பதக்கத்தைக் குத்திக்கொண்டுதான் கொச்சிக்கடை வேதக்கோயிலுக்கு நடப்பார். "செக்பொயின்ற்ல பிடிச்சு வச்சா ஆர் வாறது?" என்று நான் கத்தாத வாரமில்லை.

நானும் கூடப் போன ஒருநாள், சோதனைச் சாவடியில் நின்ற இளம் சிப்பாய் பதக்கத்தைக் காட்டி, "எந்த யுத்தம்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

அப்பாவும் சிங்களத்திலேயே சொன்னார்: "முடிஞ்ச யுத்தம், மகன். இதுவும் முடியும்."

எனக்கு உயிர் போய் வந்தது. அவனோ சிரித்து, தனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னான்.

பிள்ளைகள் எங்களுக்கு ஆளுக்கொன்று கொளுத்துவது அப்பாவின் வழக்கம். அன்று அவனுடையதை முதலில் கொளுத்தினார்.

"மூத்தவள் நான் பக்கத்தில நிக்கிறன்" என்றேன் கோபமாக.

"நீ இப்ப வீட்டை போயிடுவாய். அவனும் ஒருநாள் போகோணும்."